கால்மாட்டிலிருந்து பார்த்த படம்

ஒரு கட்டடக் கலைஞருக்கு நோய் வந்தால் கஷ்டம் ஆஸ்பத்திரிக்குத்தான். கதவு ஏன் இந்தப் பக்கம் திறக்கிறது, கைகழுவும் தொட்டியை ஏன் மூலையில் ஒளித்துவைத்திருக்கிறார்கள், காத்திருக்கிற இடத்துக்கு ஏன் யன்னல் இல்லை என்று கண்டதற்கெல்லாம் குறை சொல்லிக்கொண்டு, இந்த வருடத் தொடக்கத்தில் ஒஸ்லோவில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். கடைசியில் எல்லாரையும் விடப் பெரிய பிழையை விட்டது நான்தான். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். சிறுநீரகத்தில் கட்டி என்று கேள்விப்பட்டு யாராவது பயந்துபோய் இருந்தால் அவர்களுக்கும் இது கொஞ்சம் உதவலாம்.

முதலில் என் உடம்பைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ஆறு வயதில் நோர்வேயின் வடகோடியில் இருக்கும் பாட்ஸ்பியோர்ட்டுக்கு வந்தவள் நான். அப்பாவும் அம்மாவும் மீன் தொழிற்சாலையில் நிற்க, எனக்கு அடிக்கடி காய்ச்சல் வரும். சிறுநீரில் வந்த கிருமி மேலே ஏறி ஏறி, இடது சிறுநீரகம் வளராமல் சின்னதாகவே நின்றுவிட்டது. பெரிய ஆளானபிறகு எடுத்த பரிசோதனையில், அது பெயருக்குத்தான் வேலை செய்கிறது என்றார்கள். வலது சிறுநீரகம் ஒன்றுதான் இத்தனை வருடமும் என்னை ஓட்டிவந்தது.

தொழில், ஆஸ்பத்திரி வரைவது. படித்து முடித்ததும் மூன்று வருடம் ஜப்பானில் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். ஆஸ்பத்திரிகளும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களும்தான் அவர்களுடைய வேலை. அங்கே பார்த்த சில விஷயங்கள் இன்றைக்கும் என்னை விடவில்லை. நாலு பேர் படுக்கும் அறை ஒன்று. ஆனால் வெளிச்சுவரை மடித்து மடித்துக் கட்டியிருந்ததால் நாலு கட்டிலுக்கும் தனித்தனி யன்னல். கதைக்க ஆள் வேண்டுமென்றால் திரையை விலக்கலாம். வேண்டாமென்றால் யன்னலும் தானுமாக இருந்துகொள்ளலாம். ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே, ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில், குழாய்களுக்கென்றே ஒரு மாடி விட்டிருந்தார்கள். எங்கேயாவது கசிந்தால், கீழே ஆராய்ச்சி செய்கிறவருக்குத் தெரியாமலே மேலே திருத்திவிட்டுப் போவார்கள். இன்னோர் இடத்தில் முழு ஆஸ்பத்திரியும் தடித்த ரப்பர் கட்டைகளின் மேல் நின்றது. பூமி அதிரும்போது கட்டடம் மெல்ல அசைந்துகொடுக்குமே தவிர, சத்திரசிகிச்சை மேசை உருண்டு ஓடாது.

அந்த அலுவலகத்தில் என்னோடு வேலை செய்தவள் மிச்சிகோ. என் வயதுதான். இப்போது அவள் அங்கே சொந்தமாக அலுவலகம் நடத்துகிறாள். போன குளிர்காலத்தில் அவளுடைய அலுவலகமும் எங்களுடையதும் சேர்ந்து ஒரு போட்டிக்கு வரைந்துகொண்டிருந்தோம்: ஆஸ்பத்திரியும் ஆய்வுக்கூடமும் ஒரே கூரையின் கீழ். நோர்வேயில் இப்போது எல்லாமே ஒற்றைக் கட்டில் அறைதான். அதற்குள் அந்த நாலு யன்னல் அறையை எப்படி நுழைப்பது என்று வாரத்துக்கு இரண்டு தடவை வீடியோவில் சண்டை பிடிப்போம். அந்த நாட்களில்தான் எனக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகத் தொடங்கியது.

பீற்றூட் கறிதான் காரணம் என்று இரண்டு நாள் என்னையே ஏமாற்றினேன். மூன்றாம் நாள் பீற்றூட்டும் இல்லை, சமாதானமும் இல்லை. வழமையாகக் காட்டும் டொக்டரிடம் போனேன். அவர் ஸ்கானுக்கு அனுப்பினார். ஸ்கான் செய்த பெண் ஓர் இடத்தில் கருவியை நிறுத்தி, அதே இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். அதுவரை குளிரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். எனக்கு விளங்கிவிட்டது.

அடுத்து சி.டி. உடம்பைப் பாண் ரொட்டியைப்போல மெல்லிய துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கிற படம் அது. கத்தி மட்டும் இல்லை. கை நரம்பில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். சிறுநீரகம் படத்தில் வெள்ளையாகத் தெரிவதற்காக. மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகி, உடுப்போடு சிறுநீர் போய்விட்டது போல இருக்கும். உண்மையில் போகாது. இதை முன்கூட்டியே யாராவது சொன்னால் அரைவாசிப் பயம் குறையும், அதனால் சொல்கிறேன். நோர்வேயில் செலவைப் பற்றியும் பயப்பட வேண்டாம். வரி கட்டுகிற காசு இப்படித்தான் திரும்பி வருகிறது.

முடிவு கேட்கத் தனியாகத்தான் போனேன். என் கணவர் சபேசன் பஸ் ஓட்டுகிறவர். அன்றைக்கு அவருக்குக் காலை வேலை. "லீவு எடுக்கட்டே?" என்று கேட்டார். "படம் பாக்கிறதுக்கு எனக்கு ஆள் வேணுமே?" என்று சொல்லிவிட்டு, நாங்கள் இருக்கும் லில்லெஸ்ட்ரோமில் ரயில் ஏறினேன். அந்த வாயை நினைத்து இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சத்திரசிகிச்சை டொக்டர் ஐம்பது வயதைத் தாண்டிய, குள்ளமான, மெல்லப் பேசும் பெண். சிறுநீரகத்தில் கட்டி இருக்கிறது, பெரும்பாலும் புற்றுநோய்தான், வேறெங்கும் பரவவில்லை என்றார். பிறகும் நிறையச் சொன்னார். புற்றுநோய் என்ற சொல்லுக்குப் பிறகு என் காதுகள் கடை பூட்டிவிட்டன. என் கண் மட்டும் வேலை செய்தது. திரையில் கட்டி நன்றாகத் தெரிந்த துண்டைப் போனில் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து, மேலே டிரேசிங் தாளைப் போட்டுப் பென்சிலால் வரைந்தேன். பயந்தால் நான் செய்வது அதைத்தான். முதுகெலும்பு ஒரு தூண். அதற்கு இரண்டு பக்கமும் சிறுநீரகம். ஒரு பக்கத்தில் இருந்ததில் சின்ன எலுமிச்சம்பழம் அளவில் கட்டி. மற்றப் பக்கத்தில் இருந்தது நாணயம் அளவில் ஓரமாகத்தான் தெரிந்தது.

இங்கேதான் என் தொழில் என்னைக் கவிழ்த்தது. கட்டடத்தின் தளப்படம் என்றால், கூரையைக் கழற்றிவிட்டு மேலே நின்று கீழே பார்ப்பது. இருபத்தைந்து வருடமாக நான் பார்த்ததெல்லாம் அப்படித்தான். என் உடம்பையும் அப்படியே பார்த்தேன், தலைக்கு மேலே நின்று. வயிறு தாளின் மேல்பக்கம், முதுகு கீழ்ப்பக்கம். அப்படியென்றால் தாளின் இடதுபக்கம்தான் என்னுடைய இடதுபக்கம். கட்டி இருந்தது தாளின் இடதுபக்கத்தில்.

அதாவது, கட்டி இருப்பது ஒன்றுக்கும் உதவாத என் சின்னச் சிறுநீரகத்தில்! வெட்டி எறிந்தாலும் நட்டமில்லை. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

இரண்டு நாளில் ஆஸ்பத்திரியின் கடிதம் வந்தது. "வலது சிறுநீரகத்தில் கட்டி. கட்டியை மட்டும் வெட்டி எடுக்க முயற்சி செய்வோம். முடியாவிட்டால் முழுவதையும் எடுக்க வேண்டிவரும். பின்னர் டயாலிசிஸ் தேவைப்படலாம்." டயாலிசிஸ் என்றால், சிறுநீரகம் செய்யவேண்டிய வேலையை ஒரு மெசின் செய்வது. வாரத்தில் மூன்று நாள், நாள் ஒன்றுக்கு நாலு மணித்தியாலம் அதனோடு படுத்திருக்க வேண்டும்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எழுத்தில் இடது வலது மாறிப்போவது எங்கள் தொழிலில் தினமும் நடப்பது. எழுத்துக்கும் படத்துக்கும் முட்டினால் நான் எப்போதும் படத்தைத்தான் நம்புவேன். யாரோ ஒருவர் பிழையாகத் தட்டிவிட்டார், எல்லாரும் அதைப் பார்த்தே திட்டம் போடுகிறார்கள், என்னுடைய நல்ல சிறுநீரகத்தை வெட்டப்போகிறார்கள். இணையத்தில் ஆஸ்பத்திரிக்கு எழுதினேன். "டொக்டர் பார்த்துவிட்டார், வலது என்பது சரி, மேலும் கேள்வி இருந்தால் அனுமதிக்கும் நாளில் கேளுங்கள்" என்று பதில் வந்தது. ஒருவரும் பார்க்கவில்லை என்று முடிவுகட்டினேன்.

சபேசனுக்குப் படத்தைக் காட்டி விளக்கினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நீர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்," என்றார். "அப்ப நல்ல கிட்னி தப்பியிட்டுது, என்ன?"

"ஓம். அவையள் வெட்டாமல் விட்டால்."

"இதை இப்பவே போன் பண்ணிச் சொல்லுமன்."

"போனிலை சொல்லி விளங்காது. மேசையிலை தாளை விரிச்சுத்தான் கதைக்கவேணும். நான் பாக்கிறன்."

மகள் மயூரிக்குத்தான் சந்தேகம். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் சட்டம் படிக்கிறாள், எதையும் லேசில் நம்பமாட்டாள். "அம்மா, இது ஒரு பாத்ரூம் தைனிங் இல்லை," என்றாள். தைனிங் என்றால் நோர்வீஜியனில் வரைபடம். "அவை இதை ஒவ்வொரு நாளும் பாக்கிறவை. நீங்கள் முதல்தரம் பாக்கிறீங்கள்."

"இருபத்தைஞ்சு வருசமாய்ப் பாக்கிறன்," என்றேன் நான்.

அந்த வாரம் மிச்சிகோவோடு வீடியோவில் கதைத்தபோதும் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினேன். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இது மேல்நோக்கிப் பார்த்ததா, கீழ்நோக்கிப் பார்த்ததா?"

எங்கள் பழைய அலுவலகத்தில் அது பெரிய விஷயம். அறைகளின் படம் கீழ்நோக்கிப் பார்ப்பது. தலைக்கு மேலே ஓடும் உத்தரங்களின் படத்தைச் சிலவேளை தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல வரைவார்கள். அப்படிப் பார்த்தால் இடது வலது மாறிவிடும். அதனால் எது எப்படிப் பார்த்தது என்று மூலையில் எழுதாத படத்தை வெளியே விடமாட்டார்கள். நானே அதைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"கீழ்நோக்கித்தான், வேறெப்படி?" என்று மிச்சிகோவுக்குப் பதில் சொன்னேன். அவள் மரியாதைக்காரி. மேலே ஒன்றும் கேட்கவில்லை.

படம் வரைந்த பத்தாம் நாள், ஆஸ்பத்திரியில் அனுமதிக்கிற அன்று, மகளுக்குச் சீர்வரிசை கொண்டுபோவதுபோலத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். கடிதம் பிழையாகச் சொன்ன பக்கத்தைச் சுற்றிச் சிவப்பில் மேகம்போலக் கோடு போட்டிருந்தேன். வரைபடத்தில் "இதைத் திருத்து" என்பதற்கு நாங்கள் போடும் அடையாளம் அது. ஒற்றைக் கட்டில் அறை, வெள்ளைச் சுவர், ஒரு யன்னல். வெளியே பாதி உருகிய பனியும், வழுக்காமல் இருக்கக் கொட்டிய சல்லியும். அறையில் மூன்று குறை கண்டுபிடித்து முடிப்பதற்குள் டொக்டர் வந்துவிட்டார். கையில் ஒரு தடித்த பேனை. எந்தப் பக்கம் வெட்டுவது என்று உடம்பிலேயே அம்புக்குறி போடுவதற்கு.

அவர் என் வலதுபக்கத்துச் சட்டையை விலக்கச் சொன்னார். "கொஞ்சம் நில்லுங்கள்," என்று தாளைக் கட்டிலில் விரித்தேன். சபேசன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார். ஒப்பந்தக்காரருக்குச் சொல்வதுபோல நிதானமாக, ஒவ்வொன்றாக, எங்கே பிழை நடந்தது என்று விளக்கினேன். டொக்டர் குறுக்கே பேசவில்லை. சிரிக்கவும் இல்லை.

"மிகவும் நன்றாக வரைந்திருக்கிறீர்கள்," என்றார் முடிவில். பிறகு கட்டிக்கு மேலே, தாளின் இடதுபக்கத்தை அடைத்துக்கொண்டு கிடந்த பெரிய வடிவத்தில் விரலை வைத்தார். "இது என்ன?"

"தெரியவில்லை. பெரிய மண்டபம் மாதிரி இருக்கிறது. பெயர் போடாமல் விட்டேன்."

"அது ஈரல். ஈரல் வலதுபக்கத்தில்தான் இருக்கும்."

அவர் நடந்துபோய்க் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"நாங்கள் இங்கே நின்று பார்க்கிறோம். நீங்கள் மல்லாந்து படுத்திருக்கிறீர்கள், நான் உங்கள் காலடியில் நின்று தலைப்பக்கம் பார்க்கிறேன். இந்தப் படங்கள் எல்லாம் அப்படித்தான். என்னுடைய இடதுகைப் பக்கம் இருப்பது உங்களுடைய வலது."

மேல்நோக்கிப் பார்த்ததா, கீழ்நோக்கிப் பார்த்ததா. மிச்சிகோ கேட்ட ஒரே கேள்வி.

சபேசனுக்கு நோர்வீஜியன் மொழி நன்றாகவே விளங்கும். ஆனாலும் அவர் என் முகத்தைப் பார்த்துத் தமிழில் கேட்டார். "அப்ப... நல்ல கிட்னியிலேயோ?"

"ஓம்," என்றேன்.

பிழை விட்ட வெட்கம் எனக்கு அப்போது வரவில்லை. அது பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம், அதுவும் அப்போதுதான் முழுதாக. பத்து நாளும் நான் கோபமாக இருந்தேனே தவிரப் பயப்படவில்லை. படத்தை நான் பிழையாகப் பார்த்தேன் என்பது பாதி உண்மைதான். அப்படிப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. மற்றப் பக்கத்தில் நாணயம் அளவில் ஓரமாகத் தெரிந்தது எது என்று நான் என்னைக் கேட்கவே இல்லை. அதுதான் வளராமல் நின்ற என் இடது சிறுநீரகம். வேறு யாராவது அப்படி ஒரு படத்தைக் கொண்டுவந்திருந்தால், பார்த்த உடனே கேட்டிருப்பேன்.

டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை காது திறந்திருந்தது. வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கருவிகளை உள்ளே விட்டு, சிறுநீரகத்துக்கு இரத்தம் போகும் குழாயைக் கவ்வியால் பிடித்து நிறுத்துவார்கள். இரத்தம் நின்றிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கட்டியை வெட்டி எடுத்துவிட்டுத் தைத்துவிட வேண்டும். நேரம் நீண்டால் மிச்சச் சிறுநீரகமும் பழுதாகும். கட்டி ஆழமாக இருந்தால் முழுவதையும் எடுக்க வேண்டும்.

"சில நாள் தள்ளிப்போட வேண்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம். அம்புக்குறியைப் போடுங்கள்."

பேனை குளிர்ச்சியாக இருந்தது. அவர் போனபிறகு சபேசன் தாளைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் தோடம்பழம் ஒன்றை எடுத்து உரித்தார்.

"பத்து நாளும் நிம்மதியா நித்திரை கொண்டனாங்கள்தானே," என்றார். "எல்லாருக்கும் அது கிடைக்காது."

அதற்குப் பிறகுதான் நான் அழுதேன்.

மறுநாள் காலை கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். மல்லாந்து படுத்தபடி போனால் ஆஸ்பத்திரி என்பது கூரை மட்டும்தான். விளக்கு, காற்றுத் துவாரம், விளக்கு, ஈரம் ஊறிய ஒரு பலகை, மறுபடி விளக்கு. நான் இதுவரை வரைந்த ஒவ்வொரு நடைபாதைக்கும் தரைக்கு என்ன நிறம் என்று நாட்கணக்கில் யோசித்திருக்கிறேன். கூரையை விளக்குக்காரரிடம் விட்டுவிடுவேன். அவ்வளவையும் நினைத்து முடிப்பதற்குள் மயக்கம் வந்துவிட்டது.

விழித்தபோது டொக்டர் நின்றார். கட்டி முழுவதும் வந்துவிட்டது, சிறுநீரகத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது, ஆனால் கட்டி நினைத்ததை விட ஆழம், கவ்வியை நினைத்ததை விடக் கொஞ்சம் கூடுதலான நேரம் போட்டிருக்க வேண்டியதாயிற்று என்றார். "அது இப்போது அதிர்ச்சியில் இருக்கிறது. விழித்தெழுகிறதா என்று பார்க்க வேண்டும்."

பார்ப்பதற்கு ஒரே வழி, கட்டில் ஓரத்தில் தொங்கிய பை. சிறுநீர்ப்பைக்குள் விட்ட குழாய் வழியாக அதில் சொட்ட வேண்டும். முதல் நாள் அடியில் ஒரு கரண்டி அளவு கடுஞ்சிவப்பாகக் கிடந்தது, அவ்வளவுதான். இரத்தத்தில் கிரியேற்றினின் என்று ஒரு கழிவு இருக்கிறது. சிறுநீரகம் வேலை செய்தால் அது குறையும், செய்யாவிட்டால் கூடும். எனக்குக் கூடியது. இரண்டாம் நாள் காலை இன்னும் கூடியது. இளம் டொக்டர் ஒருவர் வந்து, அவசரம் இல்லை, ஆனால் டயாலிசிஸ் பிரிவுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம் என்றார். என் கால்கள் வீங்கத் தொடங்கியிருந்தன.

மயூரி வந்து தலை இழுத்துவிட்டாள். சின்ன வயதில் நான் அவளுக்குச் செய்தது போலவே கொஞ்சம் இறுக்கித்தான் பின்னினாள். மிச்சிகோ போட்டிக்கான படங்களைத் தானே முடித்து அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தாள். பெயர்கள் போடும் இடத்தில் என் பெயரைத் தன் பெயருக்கு மேலே போட்டிருந்தாள். நாலு யன்னல் அறையையும் விடவில்லை. அந்த வெள்ளை அறையில் தனியாகப் படுத்திருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் இருமிக்கொண்டாவது ஓர் ஆள் இருந்தால் நல்லது என்று எனக்கும் இருந்தது. நான் மாதக்கணக்கில் வாதாடிய விஷயம் உண்மை என்று அப்போதுதான் தெரிந்தது.

சபேசன் கதிரையைப் பைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் எண்ணெய் முள்ளைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மிகவும் கூச்சக்காரர். கலியாணம் கட்டி இருபத்துமூன்று வருடத்தில், கழிவறைக்குப் போவதைக்கூட "இப்ப வாறன்" என்றுதான் சொல்வார். தாதி பையை அளக்க வரும்போதெல்லாம் யன்னலைப் பார்ப்பார். தாதி போனதும் பையைப் பார்ப்பார்.

இரண்டாம் நாள் பின்னேரம் மூன்று மணி இருக்கும். நான் கண்ணை மூடியிருந்தேன். கதிரை பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது.

"இஞ்சாரும்."

கண்ணைத் திறந்தேன். அவர் நிலத்தில் முழங்காலில் நின்று, குழாயைத் தொடாமல், முகத்தை அதற்குக் கிட்ட வைத்துக்கொண்டிருந்தார். குழாய்க்குள் வெளிர்மஞ்சளாக ஒன்று ஓடிவந்து, வளைவில் தயங்கி, பைக்குள் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு சொட்டு இல்லை, ஓட்டம்.

தாதி வந்தார், அளந்தார், எங்கள் இருவரையும் பார்த்துப் புன்னகைத்து, "வேலை செய்கிறது," என்றார். சில வாரங்களுக்குப் பிறகு வந்த அறிக்கையில் அது புற்றுநோய்தான், ஆனால் வெட்டிய விளிம்புகள் சுத்தம் என்றிருந்தது. அந்த நல்ல செய்தியைக் கேட்டபோதுகூட நாங்கள் இவ்வளவு சந்தோஷப்படவில்லை.

சபேசன் போனை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனார். பியோர்ண்டாலில் இருக்கும் அவருடைய அக்காவுக்குத்தான். அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம். முதலில் மெல்லிய குரல் கேட்டது. பிறகு சத்தம் கூடியது. இருமல்கூடக் கேட்காத அந்த நோர்வே நடைபாதையில், சாத்திய கதவுகளைத் தாண்டி, என் கூச்சக்காரக் கணவர் தொண்டை கிழியக் கத்தினார்.

"மூத்திரம் அக்கா, மூத்திரம்! ஓம், போகுது! நல்லாப் போகுது!"

தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.